புதுப்பிப்பு: பித்தளைச் சொம்பு ஓவியம் முடிந்தது

பித்தளைச் சொம்பு, எலுமிச்சை, மும்பை மாட்டுங்கா பூக்கடையில் வாங்கிய மல்லிகைச் சரம், இவற்றை எண்ணெய் வண்ணத்தில் ஸ்டில் லைஃப்பாக (பொருள்களை அடுக்கிவைத்துப் பார்த்து வரையும் படமாக) வரையத் தொடங்கியதைப் போன மாதம் சொல்லியிருந்தேன். பின்னணி வெளிர்நீலமா, கறுப்பா என்றும் கேட்டிருந்தேன். நிறையப் பேர் நீலம் என்றீர்கள். ஆனாலும் கறுப்பையே வைத்தேன்.

காரணம் ஸ்பெயின் ஓவியர் ஸுர்பரான். 1633இல் அவர் வரைந்த படத்தில் எலுமிச்சைத் தட்டு, ஆரஞ்சுக் கூடை, ரோஜா வைத்த கோப்பைத் தட்டு மூன்றும் கரிய இருட்டுக்கு முன்னால் வரிசையாக நிற்கும். சாமிக்கு வைத்த படையல் மாதிரியே இருக்கும். எனக்கு வேண்டியதும் அந்த அமைதிதான்.

சொம்பில் தங்க வண்ணம் துளிகூட இல்லை. மஞ்சள் ஓக்கர் என்ற மண்மஞ்சளும் அம்பர் என்ற மண்பழுப்பும்தான். பித்தளை பெரும்பாலும் தன்னைச் சுற்றியிருப்பதையே காட்டும்: எலுமிச்சைப் பக்கம் பச்சை கலந்த மஞ்சள், ஜன்னல் பக்கம் மெல்லிய வெள்ளைக் கோடு. அந்தக் கோடு விழுந்ததும் சொம்பு உருண்டையாகிவிட்டது. என்ன ஒரு சந்தோஷம்!

அப்புறம், காய்ந்துவிட்டதா என்று கேட்டவருக்கு: வண்ணத்தில் கலந்திருக்கும் ஆளிவிதை எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகாது, காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும். அம்பரில் மாங்கனீஸ் இருப்பதால் அடிப்பூச்சு சீக்கிரம் காய்ந்தது. மல்லிகையின் தடித்த வெள்ளை இன்னும் ஒட்டுகிறது. வார்னிஷ் அடிக்க ஆறு மாதமாவது ஆகும். விலை கேட்டவர்கள் அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.