கலிப்ஸோ லேசர் தரவு கையாண்டவர்கள் பெங்களூரில் இருக்கிறீர்களா?

வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்காக, வங்காள விரிகுடாவின் 2018 பருவமழைக் காலக் காற்று வேகத்தை கலிப்ஸோ செயற்கைக்கோளின் லேசர் தரவிலிருந்து கணக்கிடுகிறேன். காற்று கூடினால் அலைகளின் சரிவும் கூடும். ஏறக்குறைய நேர்கீழாக இறங்கும் ஒளி பல பக்கம் சிதறி, திரும்பி வருவது குறையும். காற்று வேகத்துக்கும் அலைச் சரிவுக்கும் இடையே 1954-இல் காக்ஸும் மங்க்கும் தந்த உறவுதான் அடிப்படை.

அதுவரை சரி. பலத்த காற்றில் வெண்ணுரையும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வேகம் குறைவாகக் கிடைக்கிறது. 532 நானோமீட்டரில் (லேசரின் பச்சை ஒளி) அந்த நுரையின் பங்கை எப்படிக் கழிப்பது? அப்புறம், ஸ்காட்சாட்-1 (ரேடாரால் கடல் காற்றை அளந்த இந்தியச் செயற்கைக்கோள்) தரவோடு ஒப்பிட எவ்வளவு நேர இடைவெளி வரை ஏற்கலாம்? (காற்றின் திசை கலிப்ஸோ தரவில் கிடைக்காது, வேகம் மட்டும்தான். பருவமழை மேகம் வேறு தரவைத் தின்றுவிடுகிறது.)

பைத்தான் நிரல் யாரிடமாவது இருந்தால் புண்ணியமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை மல்லேஸ்வரம் பக்கம் நேரில் வரவும் தயார்.