லிஃப்ற் போட முன்னம்: பழைய ஹைலக்ஸ் எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு எப்பிடிப் பாக்கிறது?

உப்புவெளி:
வணக்கம். ரொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப், எல்.என். 107, 1992, 3எல் எண்ட டீசல் எஞ்சின், நாலு சில்லும் இழுக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் தகட்டு ஸ்பிரிங். இப்ப கிடக்கிறது 205 ஆர் 16 சி ரயர். மருதங்கேணிப் பக்கம் மணல் ஓட்டம், கோடையில பின்னுக்கு 1000 லீற்றர் தண்ணித் தாங்கியும் ஏறும். தாங்கி நிரம்பினால் பின்னச்சு பம்ப் ஸ்ரொப்பரில (அச்சு செசியில அடிபடாமல் தடுக்கிற ரப்பர்க் கட்டை) போய் முட்டுது. 2 இஞ்சி உயர்த்தி 31 இஞ்சி ரயர் போட யோசனை. கராஜில "எத்தினை கிலோவுக்கு ஸ்பிரிங்?" எண்டு கேக்கினம். பொனற்றுக்குக் கீழ இருக்கிற தகட்டில எழுத்து ஜப்பானில. மொடல், எஞ்சின், செசி நம்பர், கலர், கியர்பொக்ஸ் கோட் இருக்கு, நிறை இல்லை. சி.ஆரில (வண்டிப் பதிவுப் பத்திரம்) வெறும் நிறை 1630, மொத்த நிறை போடுற கட்டம் வெறுமை. வேற எங்க பாக்கலாம்?

வில்லுப்பட்டறை:
ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த ரொயோட்டாவில அந்தத் தகடு நிறை சொல்லாது. கியர்பொக்ஸ் கோட்டுக்குப் பக்கத்தில இருக்கிற அச்சுக் கோட், டிஃப்பின்ர (அச்சின்ர நடுவில இருக்கிற பல்சக்கரப் பெட்டி) வகையையும் பல் விகிதத்தையும் காட்டும். அதைப் பாரம் எண்டு வாசிச்சுப் போடாதேங்கோ. ஐரோப்பாவுக்குப் போன வண்டியள், டிஃபென்டர் மாதிரியானதுகளில நாலு எண் ஒண்டுக்குக் கீழ ஒண்டாக இருக்கும்: வண்டியின்ர மொத்த நிறை, ட்ரெய்லரோட சேர்த்து, முன்னச்சு, பின்னச்சு. உங்கட வண்டிக்கு அந்தத் தகடு இல்லை.

நீங்கள் தேட வேண்டியது ஜப்பானில பதிவு நீக்கேக்க குடுத்த பத்திரம். வண்டியை இறக்கின ஆளின்ர கோப்பில, இல்லாட்டி முதல் சொந்தக்காரரிட்ட பிரதி இருக்கக்கூடும். அதில ஏற்றக்கூடிய பாரம், வெறும் நிறை, மொத்த நிறை, அச்சு நிறை எல்லாம் இருக்கும். ரெண்டு இடத்தில கவனம். அச்சு நிறை எண்டு போட்டிருக்கிறது வெறும் வண்டியின்ர முன்பின் பங்கு, அச்சு தாங்கக்கூடிய அளவு இல்லை. மற்றது, மொத்த நிறை எண்டது வெறும் நிறை, ஏற்றும் பாரம், ஆளுக்கு 55 கிலோ, இவ்வளவும் சேர்ந்த கணக்கு. 1630 வெறும் நிறை, 5 இருக்கைக்கு 275, ஏற்றும் பாரம் 500 எண்டால் மொத்தம் 2405. அப்பிடியெண்டால் உங்கட தாங்கியில தண்ணியின்ர நிறை மட்டுமே அனுமதிச்ச பாரத்தின்ர ரெண்டு மடங்கு.

சிங்கிள் கப் "ஒரு தொன்" வண்டியின்ர எண்ணைக் கொண்டந்து டபிள் கப்புக்குப் போடவே கூடாது. உடம்பு நிறையும் வேற, ஸ்பிரிங்கும் வேற. முழு மொடல் கோட்டை, இடையில வாற சின்னக் கோட்டுக்கு (-) பின்னால இருக்கிற எழுத்துகளோட சேர்த்து, பாகப் பட்டியலில தேடினால்தான் சரியான ஸ்பிரிங் இலக்கம் வரும்.

கைதடி டீசல்:
பத்திரம் கிடைச்சாலும் நிறுத்துப் பாருங்கோ. 30 வருசத்தில அந்த வண்டியில இரும்பு பம்பர், கூரைக் கம்பி, தடிச்ச தகரம் எண்டு எவ்வளவோ ஏறியிருக்கும். நெல் ஆலை, பழைய இரும்பு எடுக்கிற இடங்களில வே பிரிட்ஜ் இருக்கும். டீசல் நிரப்பி, ஆள் இறங்கி, முதல் முன்சில்லு மட்டும், பிறகு முழு வண்டி, பிறகு பின்சில்லு மட்டும். முன்னையும் பின்னையும் கூட்டினது முழு நிறையோட கிட்டத்தட்டச் சேர வேணும். சேராட்டி தட்டும் வெளித் தரையும் ஒரே மட்டத்தில இல்லை.

அடுத்தது ஸ்பிரிங்கை அளக்கிறது. நாலு சில்லிலயும் ஹப் நடுவில இருந்து மட்காட் விளிம்பு வரைக்கும் மி.மீ.இல எடுங்கோ. பின்னச்சுக்கு நேர் மேல 5 பை சீமெந்து (250 கிலோ), பிறகு இன்னும் 5 பை. ஒவ்வொரு தரமும் வண்டியைக் கொஞ்சம் முன்பின் உருட்டிப் போட்டு அளவுங்கோ, இல்லாட்டி தகடுகள் இறுகி நிண்டு பொய் அளவு காட்டும். ஏத்தின பாரத்தைப் பாதியாக்கி, இறங்கின மி.மீ.ஆல பிரிச்சால் ஒரு ஸ்பிரிங்கின்ர விறைப்பு வரும்.

வேர்னியரால தகட்டின்ர தடிப்பையும் பாருங்கோ. விறைப்பு தடிப்பின்ர மூன்றாம் அடுக்கில ஏறி இறங்கும். உப்புக்காத்தில 7 மி.மீ. தகடு 6.5 ஆகத் தேஞ்சாலே ஐஞ்சில ஒரு பங்கு போச்சு. அதே கணக்கால, 7க்குப் பதில் 8 மி.மீ. தகடு போட்டால் விறைப்பு அரைவாசி கூடும். லொறித் தகடு ஒண்டை வெட்டிச் செருகினால் வெறும் வண்டி கல்லு ரோட்டில துள்ளித் திரியிறதுக்குக் காரணம் இதுதான்.

உப்புவெளி:
பத்திரத்தின்ர பிரதி கிடைச்சுது, ஏற்றும் பாரம் 500 தான். வே பிரிட்ஜில முன்னுக்கு 960, பின்னுக்கு 690, மொத்தம் 1650. முதல் 5 பைக்கு பின்பக்கம் 34 மி.மீ. இறங்கிச்சு, அடுத்த 5 பைக்கு 28. வெறும் வண்டியில பம்ப் ஸ்ரொப்பருக்கும் அச்சுக்கும் இடைவெளி 80 மி.மீ.

கைதடி டீசல்:
முதல் கட்டம் 125ஐ 34ஆல பிரிச்சால் ஒரு மி.மீ.க்கு 3.7 கிலோ, ரெண்டாவது 4.5. கீழ இருக்கிற தடிச்ச உதவித் தகடு அங்க பிடிக்கத் தொடங்குது. 500 கிலோவுக்கு 62 மி.மீ., இன்னும் 18 மிச்சம். ஸ்பிரிங் அதுக்கு விதிச்ச வேலையைச் சரியாத்தான் செய்யுது தம்பி. முட்டுறதுக்குக் காரணம் தண்ணியின்ர நிறை.

கராஜில இப்பிடிச் சொல்லுங்கோ: அதே தடிப்பு, அதே தகட்டு எண்ணிக்கை, வளைவு மட்டும் 50 மி.மீ. கூட. பின்னுக்கு எப்பவும் 300, உச்சம் 500 கிலோ. அச்சையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துப் பிடிக்கிற யூ போல்ற் எல்லாம் புதுசு. ஒருக்கால் இழுபட்டது திரும்பப் பாவிக்கிறதில்லை. ஷக்கிள் (ஸ்பிரிங்கின்ர ஒரு நுனியை செசியோட இணைக்கிற ஆடுற துண்டு) நட்டைக் கடைசியாக, வண்டி சில்லில நிக்கேக்கதான் இறுக்க வேணும். ஜக்கில தூக்கி வைச்சுக்கொண்டு இறுக்கினால் ரப்பர்ப் புஷ் முறுகின நிலையில பூட்டுப்பட்டு, கெதியாக் கிழிஞ்சுபோகும். ஷக்கிளை நீட்டி உயர்த்துற வேலைக்கு விடாதேங்கோ: 50 மி.மீ. நீட்டினால் உயரம் அரைவாசிதான் வரும், முன்னச்சு திரும்பிக் காஸ்ரரும் (முன்சில்லு திரும்புற அச்சின்ர சாய்வு) கெட்டுப்போகும். முன்னச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில கட்டை வைக்கிறது அறவே கூடாது.

நாலுசில்லு:
ஆரும் சொல்லேல்லை, அதால சொல்லுறன்: முழு அச்சு வண்டியில (ரெண்டு பக்கச் சில்லையும் ஒரே அச்சு சேர்க்கிறது) ஸ்பிரிங்கை உயர்த்தினால் டிஃப் ஒரு மி.மீ.கூட உயராது. மணலில உரசுறது டிஃப். அதை உயர்த்துறது ரயர் மட்டும். 31 இஞ்சி ரயர் உங்கட ரயரிலும் பாக்க விட்டத்தில 40 மி.மீ. போலக் கூட, அப்ப டிஃப்புக்குக் கீழ கிடைக்கிறது 20. ஸ்பீடோ மீற்றரும் 5, 6 சதவீதம் குறைச்சுக் காட்டும்.

ரயரில இருக்கிற எண்ணை வாசியுங்கோ. 205 ஆர் 16 சி, 110 எண்டு இருந்தால் ஒண்டுக்கு 1060 கிலோ. 31க்கு 10.50 ஆர் 15, 109 எண்டால் 1030. பெரிய ரயர் கூடப் பாரம் தாங்கும் எண்டு நினைக்கிறது பிழை. அதுக்கு 15 இஞ்சி, 7 தொடக்கம் 9 இஞ்சி அகல ரிம் வேணும். ரிம் வெளிய தள்ளினால் பின் பெயாரிங்குக்குக் கேடு: ஹைலக்ஸின்ர பின் ஷாஃப்ற்றே நிறையையும் தாங்கி இழுவையையும் குடுக்குது. பெயாரிங் போனால் எண்ணெய் ஒழுகி பிரேக் ஷூ நனையும்.

பிரேக்கில ஒரு முக்கிய இடம். பின்னச்சில இருந்து செசியில இருக்கிற வால்வுக்கு ஒரு கம்பி போகும், பாரத்துக்கேற்ப பின்பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது அதுதான். 50 மி.மீ. உயர்த்தினால் வண்டி வெறுமை எண்டு வால்வு நினைச்சு, பாரம் இருக்கேக்கயும் பின்பிரேக்கைக் குறைச்சுப்போடும். அச்சுப் பக்கத் தாங்கியை அதே 50 மி.மீ. உயர்த்தி, அழுத்தமானி போட்டுப் பாருங்கோ. செசியில இருந்து அச்சுக்கு வாற பிரேக் ஹோஸ், அச்சு முழுக்கத் தொங்கேக்க இழுபடாமல் இருக்க வேணும்.

எல்லாத்துக்கும் முதல் பின் ஸ்பிரிங் மாட்டுற இடங்களில செசியை ஒரு சின்னச் சுத்தியலால தட்டுங்கோ. கணீரெண்டு கேக்காமல் மந்தமாக் கேட்டால் உள்ளுக்குத் துரு. அந்த நிலையில லிஃப்ற்றும் இல்லை, தாங்கியும் இல்லை, முதல் செசி வேலை.

உப்புவெளி:
நன்றி அண்ணைமார். அப்ப 1000 லீற்றர் தாங்கியை அரைவாசி நிரப்பி ஓடினால் சரியோ?

வில்லுப்பட்டறை:
இல்லை. அரைத்தாங்கியில தண்ணி அலையும். உயர்த்தின வண்டி வளைவில அந்தப் பக்கமே சாயும். 500 லீற்றர் தாங்கி எடுங்கோ, தாங்கி, சட்டம், குழாய் நிறையும் அந்த 500 கிலோவுக்குள்ளதான், அதால தண்ணி 450 லீற்றர் போல. சின்னத் தாங்கியில அது கிட்டத்தட்ட நிறைஞ்சு நிக்கும், அலையாது. கபினோட ஒட்டி வையுங்கோ. ரயர் அளவு சி.ஆரில எழுதியிருக்கும், மாத்தினால் அதையும் திருத்தி, இன்சூரன்ஸ்காரருக்கும் அறிவிச்சு வையுங்கோ.