1964 கும்பாபிஷேக மலரை இணையப் பக்கமாகச் சேமிக்க எந்த அமைப்புகளைத் தேர்ந்தெடுப்பது?

அரசலாற்றங்கரை:

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு 1964இல் வெளியிட்ட மலர் ஒன்று பெரியப்பா வீட்டுப் பரணில் கிடைத்தது. டெம்மி அளவு (ஏறக்குறைய ஐந்தரை அங்குல அகலம்), 112 பக்கம். சில கட்டுரைகள், உள்ளூர்ப் புலவர் ஒருவரின் வெண்பாக்கள், நடுவில் எட்டுப் பக்கம் புகைப்படங்கள், கடைசியில் நன்கொடையாளர் பட்டியல். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 படப்புள்ளி) ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரி மென்பொருளில் ஓட்டி, பிழைதிருத்தமும் முக்கால்வாசி முடித்துவிட்டேன்.

இனி இணையப் பக்கமாகச் சேமிக்க வேண்டும். அங்கேதான் அந்த மென்பொருள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறது. பக்க அமைப்பை அப்படியே வைக்கவா, வடிவமைத்த உரை போதுமா, வெறும் உரையா? வரி முறிவுகள் வேண்டுமா? பக்கந்தோறும் மேலும் கீழும் வரும் மேல்வரி, அடிவரி? படத்தின் தரம்? எழுத்துகளைக் கோப்பில் சேமிக்கும் குறியாக்கம்? ஒரே கோப்பா, பல கோப்புகளா?

'அப்படியே' என்ற சொல்லைக் கண்டதும் ஆசைப்பட்டு அதையே தேர்ந்தெடுத்தேன். கணினியில் அச்சு அசலாக வந்தது. கைப்பேசியில் திறந்தால் முழுப் பக்கமும் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி நிற்கிறது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ள வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் அத்தைக்கு அனுப்பினேன். இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. படிக்கப் போகிறவர்கள் எல்லோரும் கைப்பேசிக்காரர்கள்தான். என்ன செய்யலாம்?

நடைவண்டி:

வடிவமைத்த உரை. 'அப்படியே' என்றால் ஒவ்வொரு வரியையும் பக்கத்தில் இன்ன இடம் என்று ஆணி அடித்து வைக்கிறது. திரை சிறுத்தாலும் வரி மடங்காது.

குறியாக்கம் யூடிஎஃப்-8, வேறு எதையும் தொட வேண்டாம். மேற்கு ஐரோப்பியம் என்று விட்டுவிட்டால், பல மென்பொருள்கள் 'க' என்ற எழுத்தை க என்று எண்ணாகச் சேமிக்கும். உலாவியில் தமிழ் சரியாகத்தான் தெரியும். நாளைக்கு ஒரு பிழையைத் திருத்தலாம் என்று கோப்பைத் திறந்தால் எண்காடு. யூடிஎஃப்-8இல் மூன்று பைட்டில் அடங்கும் எழுத்து அங்கே ஏழு பைட் பிடிக்கும்.

கோப்புப் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள். முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது ஒவ்வொரு குறியும் சதவீத அடையாளங்களோடு ஒன்பது எழுத்தாக நீளும். 01, 02 என்று எண்ணிட்டாலே போதும்.

ஈயஎழுத்து:

நான் இருபத்தாறு ஆண்டு அச்சுக்கோத்தவன். பிறகு கணினிக்கு வந்தேன். இப்படி இரண்டு மலர்களை ஏற்றிக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரி முறிவை நீக்கிவிடுங்கள். அந்த வரிகளை உடைத்தது என்னைப் போன்ற ஆள்தான். ஸ்டிக் (எழுத்துகளை வரியாக அடுக்கும் கைச்சட்டம்) நிறைந்ததும் 'கும்பாபி' என்று கோத்து ஒரு சிறு கோடு போட்டுவிட்டு, 'ஷேகம்' என்பதை அடுத்த வரிக்குத் தள்ளுவோம். கட்டுரை எழுதியவரைக் கேட்டா செய்தோம்? அதைக் காப்பாற்றி வைத்தால் 'கும்பாபிஷேகம்' என்று தேடுகிறவருக்குப் பாதி இடங்களில் சொல்லே அகப்படாது.

ஆனால் வெண்பாக்களைத் தனியாகப் பிரித்து, அவற்றுக்கு மட்டும் வரி முறிவை வைத்துச் சேமியுங்கள். முதல் மலரில் எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பைக் கொடுத்துவிட்டேன். நாலடியும் ஒன்றாகி உரைநடையாய் ஓடியது. அதைவிட மோசம், இரண்டாம் அடியின் கடைசியில் கோடு போட்டுத் தனித்து நிற்கும் தனிச்சொல். பத்தி குறுகலாக இருந்ததால் கோடு வரி ஈற்றில் நின்றது, தனிச்சொல் கீழே இறங்கியிருந்தது. சொல் முறிந்திருக்கிறது என்று மென்பொருள் கோட்டை எடுத்துவிட்டு, முன் சொல்லோடு தனிச்சொல்லை ஒட்டிவிட்டது. புலவரின் மகன் பார்த்துவிட்டு என்னைக் கேட்ட கேள்வி இங்கே எழுதத்தக்கதல்ல.

மேல்வரி வேண்டாம், வைத்தால் கோயில் பெயர் நூறு தடவை வாக்கியத்தின் நடுவே வந்து விழும். பக்க எண்ணை மட்டும் [37] என்று அடைப்புக்குள் விட்டுவையுங்கள். யாராவது மேற்கோள் காட்ட நினைத்தால் உதவும். கட்டுரைக்கு ஒரு கோப்பு.

எழுத்துருப் பெயர் எதையும் குறிப்பிட வேண்டாம். 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்திய அச்சு என்பதால் உங்கள் மலரில் ணை, லை, னை எல்லாம் கொம்பு வளைந்த பழைய உருவத்தில் இருக்கும்; ணா, றா, னா சுழித்திருக்கும். அந்த அழகை, உரைக்கு அடுத்து வைக்கும் ஸ்கேன் பக்கப் படத்தில் பார்த்துக்கொள்ளட்டும். உரை கைப்பேசியின் சொந்த எழுத்துருவில் வரட்டும். ஆனால் மென்பொருள் தடுக்கி விழுவதும் இந்த எழுத்துகளில்தான். மீதிப் பிழைதிருத்தத்தில் இவற்றை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

பக்கப் படங்களை ஜேபெக்காக வைத்து அதிகம் அமுக்கினால் எழுத்தோரம் அழுக்குப் படியும், முதலில் சாவது மெய்யெழுத்தின் புள்ளி. 'பத்து' என்பது 'பதது' ஆகும். டெம்மி தாள் 300 டிபிஐயில் ஏறக்குறைய 1650 படப்புள்ளி அகலம் வரும். அதை 1100 ஆக்கி, சாம்பல் நிறத்தில் பிஎன்ஜியாக வையுங்கள். புகைப்படங்களுக்கு ஜேபெக் சரி. ஆனால் பிளாக் (உலோக அச்சுக்கட்டை) போட்டு அச்சிட்ட படங்கள் எல்லாம் நுண்புள்ளிகள்தான். நேராகச் சுருக்கினால் முகத்தின்மேல் அலையலையாகக் கோடு ஓடும். அந்த எட்டுப் பக்கத்தை மட்டும் 600 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்து, இலேசாக மங்கலாக்கி, அப்புறம் சுருக்குங்கள்.

நன்கொடைப் பட்டியலை அட்டவணையாகச் சேமியுங்கள். சேமித்த பிறகு மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். இரண்டாவது மலரில் ஒரு பெயர் இரண்டு வரியாக மடிந்திருந்தது. அதற்குக் கீழே தொகைகள் எல்லாம் ஒரு படி ஏறிவிட்டன. 501 ரூபாய் கொடுத்தவர் பெயருக்கு நேரே 11 ரூபாய். அவருடைய பேரன் கோயமுத்தூரிலிருந்து தொலைபேசியில் அழைத்து, தாத்தாவுக்கு நேர்ந்த அவமானத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அதைச் சரிசெய்வதற்குள் 11 ரூபாய்க் குடும்பத்தார் பக்கத்தை அச்செடுத்துச் சட்டம் போட்டுவிட்டார்கள்.

அரசலாற்றங்கரை:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஒன்பது கோப்புகள். வெண்பாவில் இரண்டு தனிச்சொற்கள் உண்மையாகவே ஒட்டிப் போயிருந்தன, பிரித்துவிட்டேன். புகைப்படங்களை மட்டும் இன்னும் மறுபடி ஸ்கேன் செய்யவில்லை. அத்தை மூன்று கட்டுரைகளைப் படித்து முடித்து, தட்டச்சுப் பிழைப் பட்டியல் ஒன்றும் அனுப்பியிருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். பட்டியலில் 43ஆம் பெயருக்கு நேரே மூலத்திலேயே தொகை இல்லை, 'ரூ.' மட்டும் நிற்கிறது. மொத்தத்திலிருந்து கழித்துப் பார்த்தால் 25 வருகிறது. போட்டுவிடலாமா?

ஈயஎழுத்து:

போடாதீர்கள். காலிக் கட்டமாகவே விட்டு, பக்கப் படத்துக்கு ஓர் இணைப்புக் கொடுங்கள். அந்தக் காலத்து மொத்தக் கூட்டலை நம்பிக் கழிக்க வேண்டாம். அதையும் எங்களைப் போல் ஒருவன்தான் இரவு பன்னிரண்டு மணிக்குக் கோத்திருப்பான்.