இரண்டாவது வரிசை நாற்காலி

கல்லூரியில் நடக்கும் பரிசளிப்பு, பாராட்டு விழாக்களால் யாருக்காவது உண்மையிலேயே ஏதாவது மாறியிருக்கிறதா என்று பேச்சு வந்தது. எனக்கு மாறியிருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2022-ல் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது, டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. அப்படித்தான் படிப்பு ஓடியது. அறக்கட்டளைச் சொற்பொழிவு, பரிசளிப்பு விழா எல்லாம் நன்றாகப் படிக்கிறவர்களுக்கும் மேடையில் பேசத் தெரிந்தவர்களுக்கும் உரியவை என்று நினைத்திருந்தேன்.

முதலாண்டு பிப்ரவரி 28, அறிவியல் நாள். ரெக்கார்டு நோட்டில் இரண்டு சோதனை பாக்கி இருந்தது. மதியம் துறைத் தலைவர் வகுப்புக்கு வந்து, "ஃபர்ஸ்ட் இயர் எல்லாரும் செமினார் ஹாலுக்குப் போங்க, முன்னாடி காலியா இருக்கு" என்றார். போனோம். எனக்கு இரண்டாவது வரிசையில் இடம் கிடைத்தது.

பேச வந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எழுபது வயதிருக்கும். திரையில் படம் எதுவும் போடவில்லை, கையில் ஒரு சாக்பீஸ் மட்டும். 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு கண்டறியப்பட்டது, அதனால்தான் இந்த நாள் என்று இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அப்புறம் அதே 1928-ல் சென்னையில் நடந்த இன்னொன்றைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஜெர்மனியிலிருந்து இயற்பியல் மேதை ஆர்னால்டு சோமர்ஃபெல்டு சென்னை மாநிலக் கல்லூரிக்குப் பேச வருகிறார். அங்கே ஆனர்ஸ் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த சந்திரசேகர், ராமனின் அண்ணன் மகன். சோமர்ஃபெல்டு அணுவைப் பற்றி எழுதிய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தவர். மறுநாள் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ச் சந்திக்கிறார். நீ படித்து வைத்திருப்பதெல்லாம் பழசாகிவிட்டது, ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக் எல்லாம் வந்தபிறகு இயற்பியலே வேறாகிவிட்டது என்கிறார் அந்த மேதை. சொல்லிவிட்டு, தன் கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்து அனுப்புகிறார். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் எப்படி இருக்கின்றன என்பதைப் பற்றிய கட்டுரை அது. அதைப் படித்துப் புரிந்துகொண்டு சந்திரசேகர் எழுதிய ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வெளிவந்தது. 1930-ல் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறியவர், அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கியதுதான் இன்று சந்திரசேகர் வரம்பு என்று நாம் படிப்பது. எரிந்து முடிந்து சுருங்கிய வெண்குறு விண்மீன் ஒன்று தாங்கக்கூடிய உச்ச நிறை அது, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. 1983-ல் நோபல்.

கதை முடிந்ததும் "கேள்வி இருக்கா?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஒரு கேள்வி இருந்தது. இவ்வளவு காலம் நீ படித்தது பழசு என்று முகத்துக்கு நேரே சொன்னால் அந்தப் பையனுக்கு அவமானமாக இருந்திருக்காதா? நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. இது இயற்பியல் கேள்விதானா, சிரித்துவிடுவார்களோ என்ற பயம். நன்றியுரை முடிந்து நாட்டுப்பண்ணும் பாடிவிட்டார்கள். ஐந்தரை மணி டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டு போனேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே போக ஆரம்பித்தேன். தமிழ்த் துறை, வரலாற்றுத் துறை அறக்கட்டளைச் சொற்பொழிவுகளையும் விடவில்லை. அறக்கட்டளை என்றால் என்ன என்பதே அப்போதுதான் விளங்கியது. ஓர் ஆசிரியரோ பழைய மாணவரோ ஒரு தொகையைக் கல்லூரியில் கொடுத்து வங்கியில் போட்டு வைப்பார்கள். முதலைத் தொடமாட்டார்கள். அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவோ பரிசோ நடக்கும். பல காலம் முன்பு போட்ட தொகை என்பதால் சில பரிசுகள் இன்றைக்கும் இருநூற்றைம்பது ரூபாய்தான். அந்த உறையை வாங்கும் பெண்களின் கையை இரண்டாவது வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு கையாலும் வாங்குவார்கள்.

இரண்டாம் ஆண்டு அறிவியல் நாளில் முதல் கேள்வி கேட்டேன். பேச்சு பாதிக்குமேல் ஆங்கிலத்தில் இருந்தது, நான் தமிழிலேயே கேட்டேன். "வானத்தோட நிறம்தான் கடல்ல தெரியுதுன்னு ஸ்கூல்ல சொன்னாங்க. ராமன் சார் அதை எப்படிச் சோதிச்சுப் பார்த்தார்?" மைக்கைப் பிடித்த கை நடுங்கியது நன்றாக நினைவிருக்கிறது. பேசியவர் மகிழ்ந்துபோனார். 1921-ல் கப்பலில் வரும்போது ராமன் நிக்கோல் பட்டகம் என்ற ஒளி வடிகட்டும் படிகம் ஒன்றைக் கண்ணில் வைத்துக் கடலைப் பார்த்தார், நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் வானத்தின் ஒளியை அது மறைத்துவிடும், மறைத்த பிறகும் கடல் நீலமாகத்தான் இருந்தது, ஆக நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று பலகையில் படம் போட்டு விளக்கினார். இரண்டு வருடம் வகுப்பில் ஒரு சந்தேகம்கூடக் கேட்காதவள் நான். அடுத்த வாரமே ஒளியியல் வகுப்பில் கை தூக்கினேன்.

அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் எனக்குத் தட்டு ஏந்தும் வேலை கொடுத்தார்கள். பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் சான்றிதழ்கள் பெயர் வாசிக்கும் வரிசையில் மேலிருந்து கீழாக அடுக்கியிருக்க வேண்டும். ஒருத்தர் வராமல் போய், அவர் சான்றிதழை எடுக்காமல் விட்டால் அதற்குப் பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் மாறிப்போகும். அன்றைக்கு அதுதான் நடந்தது. பதினைந்து இருபது பேர் அடுத்தவர் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். மேடைக்குப் பின்னால் வந்து மாற்றிக்கொண்டார்கள்.

அதைவிட எனக்கு உறைத்தது வேறு. என் வகுப்புத் தோழி ஒருத்திக்குக் கணிதத் துணைப்பாடத்தில் முதலிடம். அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தோழிக்கு ஊர்த் தெய்வத்தின் பெயர். அவளைக் கேட்காமல் இங்கே எழுத மனமில்லை. பெயர்ப்பட்டியல் ஆங்கிலத்தில் இருந்தது. நெடிலும் குறிலும் அதில் எப்படித் தெரியும்? ளகரத்துக்கும் லகரத்துக்கும் ஒரே எழுத்துதானே. வாசித்தவர் நெடிலைக் குறிலாக்கி, கடைசி எழுத்தையும் மாற்றி வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். முன்னால் சிலர் சிரித்தார்கள். அவள் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். விழா முடிந்ததும் அவள் அம்மா என்னிடம் வந்து, "எம்புள்ள பேர இன்னும் கூப்பிடலியே தாயி" என்றார். கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லவே எனக்கு அரை நிமிடம் ஆனது. மேடையில் போனது தன் மகள் என்று அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்குத் தெரியவில்லை. பெயரைக் கேட்டுத்தான் எழுந்து பார்க்கலாம் என்று காத்திருந்திருக்கிறார்.

மூன்றாமாண்டு, 2025. பெயர் வாசிக்கும் பொறுப்பை எனக்குத் தாருங்கள் என்று நானே போய்க் கேட்டேன். பட்டியலில் அறுபத்துநான்கு பேர். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு எல்லோரையும் நேரிலோ போனிலோ பிடித்தேன். "எப்படி வேணாலும் வாசிங்கக்கா, பரவால்ல" என்று பாதிப் பேர் சொன்னார்கள். "வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க, அதைச் சொல்லு" என்பேன். சொன்னதைத் தமிழில் எழுதிக்கொண்டேன். தட்டுக்காரத் தங்கைக்கும் ஒரு வேலை சொன்னேன். வாசலில் வருகைக் குறிப்பு வைத்து, வராதவரின் சான்றிதழை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மஞ்சள் தாளை வைக்கச் சொன்னேன்.

விழாவுக்கு அந்தப் பழைய பேராசிரியரும் வந்திருந்தார். தன் ஆசிரியர் பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறாராம். தேநீர் வேளையில் பக்கத்தில் போய், முதலாண்டில் விழுங்கிய கேள்வியைக் கேட்டேன். சந்திரசேகருக்கு அவமானமாக இருந்திருக்காதா ஐயா?

கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவருக்கு எப்படி இருந்துதுன்னு எனக்குத் தெரியாதும்மா. எனக்கு ஒருதடவை அப்படி நடந்துச்சு. மூணு நாள் சரியாச் சாப்பிடல. நாலாம் நாள் புதுப் புத்தகத்தை எடுத்தேன்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு நான் எந்த ஊர், அடுத்து என்ன படிக்கப்போகிறேன் என்று விசாரித்தார். எம்.எஸ்சி. என்று அதுவரை வீட்டில்கூடச் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

மணி நான்குக்கு மைக் முன்னால் நின்றேன். கை நடுங்கவில்லை. அந்த வருடமும் தோழிக்குப் பரிசு இருந்தது, பட்டியலில் முப்பத்தேழாவது. அவள் முறை வந்ததும் ஒரு மூச்சு நிறுத்தி, நெடிலை நெடிலாகவே இழுத்து, அவள் வீட்டில் கூப்பிடுகிற மாதிரி வாசித்தேன். பின்வரிசையில் ஒரு நாற்காலி கரகரவென்று நகர்ந்தது. அவள் அம்மா எழுந்து நின்றார்.