புதுப்பிப்பு: சாட்ஸ்வொர்த் வார்டில் அக்காவின் வேட்புமனு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில், எங்கள் தெரு அக்கா ஒருவர் கட்சி இல்லாமல் வார்டு கவுன்சிலர் தேர்தலில் நிற்கப்போகிறார், எத்தனை கையெழுத்து வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

சுயேச்சைக்கு 50 கையெழுத்து. சிலர் சொன்ன 1,000 இதற்கு இல்லை. அது நாடாளுமன்றம், மாகாண சபைகளுக்கான 2024 தேர்தலில் நின்ற சுயேச்சைகளுக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் 2023 டிசம்பரில் வைத்த எண்ணிக்கை.

ஆனால் 50 என்பது கேட்பதற்குத்தான் சுலபம். கையெழுத்துப் போடுபவர் அதே வார்டில் பதிவான வாக்காளராக இருக்க வேண்டும். கோயில் வாசலில் அன்போடு கையெழுத்திட்ட பலர் பக்கத்து வார்டுக்காரர்கள். ஒரே சாலையின் இரு பக்கமும் வேறு வேறு வார்டு என்றால் என்ன செய்வது! அதனால் இப்போது ஒவ்வொருவரையும் அடையாள எண்ணைத் தேர்தல் ஆணையத்தின் 32810-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறோம். எந்த வாக்குச்சாவடியில் பதிவு என்று பதில் வந்துவிடும். 50-க்கு மேலேயே வாங்கி வையுங்கள். ஓய்வூதியத்தில் வாழும் பாட்டிகள் கண்ணாடி தேடி எடுத்துவந்து கையெழுத்திடுவதைப் பார்த்தால், அதில் ஒன்றுகூட வீணாகக் கூடாது என்று தோன்றுகிறது.

அப்புறம் போஸ்டர். எங்கே, எப்படிக் கட்டலாம் என்பது அந்தந்த மாநகராட்சியின் துணைவிதி. எங்களுக்கு எத்தெக்வினி, அதாவது டர்பன் மாநகராட்சி; கட்டுவதற்கு முன் அங்கே கேளுங்கள். போக்குவரத்துப் பலகையில் கட்டவே வேண்டாம். எதிராளியின் போஸ்டரைக் கிழிப்பது தேர்தல் நடத்தை விதிப்படி குற்றம், தம்பிமாரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

வேட்புமனுப் படிவத்தை நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்ததும் எழுதுகிறேன்.