அப்பாவுக்குத் தாகம் அடங்கவில்லை: சிறுநீரக ரத்தக்குழாய் சுருக்கம், உதவி வேண்டும்

கேள்வி (தக்கலை):
அப்பாவுக்கு 64 வயது. வலது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருப்பது டாப்ளர் ஸ்கேனில் தெரிந்தது, பிரஷருக்கு மூன்று மாத்திரை போகிறது. காலில் நீர் கோத்ததால் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்றார் டாக்டர். அப்பா அதை மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறார், ராத்திரி நான் கண் அயர்ந்ததும் அடுக்களைக்குப் போய்ச் செம்பில் மோந்து குடிக்கிறார், தடுத்தால் கண் கலங்குகிறார். இளநீர் கொடுத்தால் அடங்கும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில் 1 (குளச்சல்):
தங்கச்சி, அப்பாவைத் திட்டாதே. என் வீட்டுக்காரருக்கும் இதேதான். முதலில் சட்டியைப் பார். பழங்கஞ்சியில் உப்பு, தொட்டுக்கொள்ளச் சுட்ட கருவாடு, நார்த்தங்காய் ஊறுகாய், இதெல்லாம் உள்ளே போனால் தாகம் எப்படி அடங்கும்? நாங்கள் இந்துப்புக்கு மாறிப் பார்த்தோம், அதுவும் சோடியம்தான், பயனில்லை. காலையிலேயே ஒன்றரை லிட்டரைப் பாட்டிலில் பிடித்து வை, சின்ன டம்ளரில் கொடு, நடுவில் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல், ஐஸ் துண்டு ஒன்றை வாயில் போட்டால் வெகுநேரம் தாங்கும், அதையும் தண்ணீர்க் கணக்கில் சேர்த்துக்கொள்.

பதில் 2 (நாகர்கோவில், நர்ஸ்):
இளநீர் வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் தளர்ந்திருந்தால் ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே குழப்பும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதும் பெரும்பாலும் பொட்டாசியம் கலந்ததுதான்.

அப்பாவின் தாகம் வீம்பு இல்லை. ரத்தம் குறைவாக வரும் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும், அதனால் உருவாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் பிரஷரையும் ஏற்றும், மூளையில் தாகத்தையும் கிளப்பும். ஆனாலும் இதுதான் காரணம் என்று விட்டுவிடாமல் சுகர், சோடியம், பொட்டாசியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், எல்லாம் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். சில பிரஷர் மாத்திரைகள் வாயை உலர்த்தும், அதையும் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். தினமும் காலையில் எடை பாருங்கள், இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.

கேட்டவர், பத்து நாள் கழித்து:
அக்கா, சிஸ்டர், ரொம்ப நன்றி. சுகர் இல்லை, சோடியமும் பொட்டாசியமும் சரியாக இருக்கின்றன. கருவாட்டையும் ஊறுகாயையும் நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது, ராத்திரி ஒரு தடவைதான் எழுகிறார். ஆனால் நெத்தோலிக் கருவாடு கேட்டுக்கொண்டே இருக்கிறார், கழுவிக் கொடுத்தால் போதுமா?

பதில் 1:
கழுவினாலும் உப்பு முழுக்கப் போகாது. பச்சை நெத்தோலி வாங்கி, புளியும் நல்லமிளகும் தூக்கலாக, உப்பைப் பாதியாக்கி அவியல் வை. சாப்பிடுவார்.