மெயின் லைன் மாற்ற பிவிசியா, கருப்பு ரோல் பைப்பா? அவசரம்

மேட்டுவீடு:
வணக்கம். வீட்டுக்கு வரும் மெயின் தண்ணீர் லைன் திரும்பவும் வெடித்துவிட்டது, இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. இனி ஒட்டிப் பிரயோசனம் இல்லை, முழுசாக மாற்றப் போகிறேன். ஹார்ட்வெயார் கடைக்காரர் பிவிசி போடு என்கிறார், குழாய் வேலை செய்யும் பாஸ் (மேஸ்திரி) கருப்பு ரோல் பைப்தான் என்கிறார், அப்பா இரண்டும் வேண்டாம் இரும்பு போடு என்கிறார். எது நல்லது? நாளைக் காலையில் ஆட்கள் வருகிறார்கள், கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஊவாக்காற்று:
எந்த ஊர்? சபைத் தண்ணீரா, ஊற்றுத் தண்ணீரா? எவ்வளவு தூரம்?

டிக்கோயா தம்பி:
கண்ணை மூடிக்கொண்டு பிவிசி டைப் 1000 போடுங்கள். எங்கள் வீட்டில் போட்டுப் பதினாறு வருடம், ஒரு சொட்டு ஒழுகியது இல்லை. பைப் கம் நல்லதாக வாங்க வேண்டும், ஒட்டுவதற்கு முன் துடைக்க வேண்டும், ஒட்டிய பிறகு அன்றைக்கே தண்ணீர் விடக் கூடாது. அவ்வளவுதான்.

ஃபேக்டரி மாமா:
அப்பா சொல்வதைக் கேளுங்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ இரும்புப் பைப் மாதிரி ஒன்றும் வராது. மண்வெட்டி பட்டாலும் உடையாது, காட்டுப்பன்றி கிளறினாலும் உடையாது. நான் முப்பது வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவன். வெள்ளைக்காரன் போட்ட பைப்பில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது.

நீர்மட்டம்:
மாதம் ஒருவர் வந்து இதே கேள்வியைக் கேட்கிறார். காலைக் காட்டாமல் எனக்கு எந்தச் செருப்பு சரியாக இருக்கும் என்று கேட்பது மாதிரி. தூரம் தெரியாது, உயரம் தெரியாது, இப்போது என்ன பைப் இருக்கிறது என்றும் தெரியாது. ஆனாலும் மூன்று பேர் பதில் சொல்லியாகிவிட்டது.

ஊவாக்காற்று:
இரண்டு பேர்தான். நான் கேள்விதான் கேட்டேன்.

மேட்டுவீடு:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். நுவரெலியா மாவட்டம், லிந்துலைப் பக்கம். ஊற்றுத் தண்ணீர், மேலே தேயிலைக்குள் சீமெந்துத் தொட்டி இருக்கிறது, அங்கிருந்து பைப்பில் கீழே வருகிறது, மோட்டார் இல்லை. மேலே பாதி பழைய இரும்பு, கீழே பாதி பிவிசி. தூரம் 300 அடி இருக்கும். மூன்று ரோல் வேண்டும் என்று பாஸ் சொன்னார்.

தலவாக்கலை அக்கா:
தம்பி, ஒரு ரோல் 100 மீட்டர். மூன்று ரோல் என்றால் 300 மீட்டர், அடி இல்லை. யாராவது ஒருவர் தப்பாகச் சொல்கிறார்.

மேட்டுவீடு:
ஆமாம் அக்கா, மீட்டர்தான். பாஸ் அளந்தார்.

நீர்மட்டம்:
நல்லது, ஆயிரம் அடிக்குக் கிட்டே ஆகிவிட்டது. இப்போது இரண்டு விஷயம் சொல்லுங்கள். தொட்டிக்கும் வீட்டுக்கும் உயர வித்தியாசம் எவ்வளவு? பைப் வெடிப்பது பகலிலா, இரவிலா?

டிக்கோயா தம்பி:
வெடிக்க நேரம் காலமா பார்க்கும்? ஜோசியம் மாதிரி இருக்கிறதே.

குளிர்காலம்:
நான் நினைக்கிறேன் இது பனி. நுவரெலியாப் பக்கம் தை மாசத்தில் புல் மேல் வெள்ளையாகப் படியும், குளிரில் பிவிசி கண்ணாடி மாதிரி ஆகிவிடும். என் கணிப்பு அதுதான்.

நீர்மட்டம்:
இப்போது எந்த மாசம்? தை மாசம் முடிந்து எவ்வளவு நாள் ஆயிற்று?

மேட்டுவீடு:
மூன்று தடவையும் இரவில்தான் அண்ணே. காலையில் எழுந்து பார்த்தால் கீழ்ப் படிக்கட்டெல்லாம் ஈரம். உயரம் எப்படிப் பார்ப்பது? போனில் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று காட்டுகிறது.

நீர்மட்டம்:
போனை நம்ப வேண்டாம். ஹார்ட்வெயாரில் ஒரு பிரஷர் கேஜ் இரவல் வாங்குங்கள், கீழே குழாயில் மாட்டுங்கள், வீட்டில் எல்லாக் குழாயையும் பூட்டிவிட்டு முள்ளைப் பாருங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) காட்டும். அப்படியே பிவிசியில் என்ன எழுதியிருக்கிறது என்றும் படியுங்கள். நாளை வரும் ஆட்களைப் பைப் புதைக்கக் கான் வெட்ட விடுங்கள், பைப் வாங்க வேண்டாம்.

ஃபேக்டரி மாமா:
கேஜ் எல்லாம் எதற்கு? ஜிஐ போட்டால் எந்த பிரஷரையும் தாங்கும்.

ஊவாக்காற்று:
மாமா, கோபிக்க வேண்டாம், நம் மலைத் தண்ணீர் மென்மையான தண்ணீர், துத்தநாகப் பூச்சை மெதுவாகத் தின்றுவிடும். அதிலும் மரை வெட்டிய இடத்தில் பூச்சே இருக்காது, துரு அங்கேதான் ஆரம்பிக்கும். எங்கள் பழைய லைனை அறுத்துப் பார்த்தோம், முக்கால் இஞ்சிப் பைப்பில் விரல் நுழையவில்லை, உள்ளே முழுக்கத் துருக்கட்டி.

ஃபேக்டரி மாமா:
அது இப்போது வரும் பைப் தம்பி, கடதாசி மாதிரித் தகடு. நான் சொல்வது அந்தக் காலத்துப் பைப்.

நீர்மட்டம்:
லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-இல் முதன்முதலாகத் தேயிலை வைத்த காலத்துப் பைப்பா மாமா? அது கடையில் கிடைத்தால் எனக்கும் இரண்டு வாங்கி வையுங்கள்.

ஃபேக்டரி மாமா:
கிண்டல் பண்ணுங்கள். நீங்கள் எத்தனை லைன் உங்கள் கையால் போட்டீர்கள்? நான் மரை வெட்டிய கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. வார்ப்பிரும்புப் பைப் ஒரு விரல் கனம் இருக்கும், அதைத் தூக்கப் பத்துப் பேர் வேண்டும். அதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு.

தலவாக்கலை அக்கா:
சரி சரி, இரண்டு பேரும் விடுங்கள். அந்தத் தம்பி வீட்டில் தண்ணீர் இல்லாமல் நிற்கிறார். மாமா சொல்வதிலும் ஒன்று இருக்கிறது, எங்கள் கருப்புப் பைப்பை முள்ளம்பன்றி கடித்துப் போட்டது. புதைக்காமல் புல்லுக்குள் இழுத்து விட்டிருந்தோம்.

டிக்கோயா தம்பி:
முள்ளம்பன்றி பைப்பைக் கடிக்குமா? எலியாக இருக்கும் அக்கா.

தலவாக்கலை அக்கா:
பக்கத்தில் முள்ளு கிடந்தது தம்பி. எலிக்கு முள்ளு இருக்கிறதா உங்கள் ஊரில்?

மேட்டுவீடு:
கேஜ் கிடைத்தது. பாஸ் வெடித்த இடத்தில் ஒரு துண்டு ஒட்டித் தந்தார், மறுநாள் இரவு பத்து மணிக்கு எல்லாவற்றையும் பூட்டிப் பார்த்தேன். முள் 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கிறது. பிவிசியில் 400 என்று எழுதியிருக்கிறது. நான் அதை இத்தனை நாளும் விலை என்று நினைத்தேன்.

நீர்மட்டம்:
டைப் 400 என்றால் 400 கிலோபாஸ்கல், ஏறக்குறைய 4 கிலோ. அதாவது 40 மீட்டர் உயரத்துத் தண்ணீருக்குச் செய்த பைப்பை 65 மீட்டருக்குக் கீழே போட்டிருக்கிறீர்கள். உடனே வெடிக்காது, கொஞ்ச காலம் தாங்கும், அதனால்தான் போட்டவர் தப்பிவிட்டார். இரவில் வெடிப்பதற்குக் காரணமும் அதுதான். பகலில் யாராவது ஒரு குழாயைத் திறந்து வைத்திருப்பார்கள், தண்ணீர் ஓடும்போது உராய்வில் அழுத்தம் குறையும். எல்லோரும் பூட்டிவிட்டுப் படுத்த பிறகுதான் முழு 65 மீட்டரும் வந்து உட்காரும். அதோடு யாராவது கைப்பிடிக் குழாயை டப்பென்று அடைத்தால் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோதும், அந்த அடியும் சேரும். டைப் 600 போட்டாலும் இதே கதைதான். 10 கிலோ தாங்கும் எதுவாக இருந்தாலும் சரி, பிவிசியா கருப்பா என்பது அதற்கு அப்புறம்.

டிக்கோயா தம்பி:
அப்போ நான் முதலில் சொன்ன டைப் 1000 சரிதானே!

நீர்மட்டம்:
தெரியாமல் சரி.

ஊவாக்காற்று:
அழுத்தத்துக்கு இரண்டும் தாங்கும் என்றால் நான் எச்டிபிஇ, அதாவது அந்தக் கருப்பு ரோல் பைப் பக்கம்தான், காரணம் மண். சரிவில் மண் வருடா வருடம் கொஞ்சம் இறங்கும், பிவிசி வளையாது, மூட்டில் விட்டுவிடும். 300 மீட்டருக்கு பிவிசி என்றால் ஐம்பது அறுபது மூட்டு வரும், ரோலில் இரண்டே மூட்டு. 2014-இல் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவுக்கு அப்புறம் எங்கள் பக்கத்தில் சரிவுக்குள் தண்ணீர் கசிவதை யாரும் சும்மா விடுவதில்லை. மண்ணுக்குள் எங்கே ஒழுகுகிறது என்றே தெரியாத மூட்டு எனக்கு வேண்டாம். வெயிலிலும் கருப்புத்தான் தாங்கும், பிவிசி வெளியில் கிடந்தால் சில வருடத்தில் வெளிறி உடையும்.

மேட்டுவீடு:
அப்போ கருப்பு. 25 மில்லிமீட்டர் போதுமா? பாஸ் 32 என்கிறார், விலை நிறைய வித்தியாசம்.

நீர்மட்டம்:
ஊற்று நிமிடத்துக்கு எவ்வளவு கொடுக்கிறது? வாளி வைத்துப் பார்த்தீர்களா?

மேட்டுவீடு:
20 லீட்டர் வாளி ஒன்றரை நிமிடத்தில் நிரம்புகிறது.

நீர்மட்டம்:
நிமிடத்துக்கு 13 லீட்டர். ஒரு வீட்டுக்கு 25 தாராளம். அந்த அளவுக்கு 300 மீட்டரில் உராய்வு 10 மீட்டர்கூடத் தின்னாது, உங்களிடம் 65 இருக்கிறது. காசை வீணாக்க வேண்டாம்.

மேட்டுவீடு:
நடுவில் சித்தப்பா வீட்டுக்கும் இதிலிருந்துதான் போகிறது. அது பரவாயில்லையா?

நீர்மட்டம்:
...

தலவாக்கலை அக்கா:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நீர்மட்டம்:
காலையில் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் திறந்து தொட்டியிலிருந்து நிமிடத்துக்கு 30 லீட்டர் இழுத்தால் 25-இல் உராய்வே 40 மீட்டருக்குக் கிட்டே போகும். கீழே உங்களுக்கு வரும், மேலே இருக்கும் சித்தப்பாவுக்கு நூல் மாதிரி வரும். 32 போட்டால் அதே ஓட்டத்துக்கு 10 மீட்டர் அளவில்தான் போகும். விட்டத்தில் கொஞ்சம் கூடினாலும் உராய்வு அவ்வளவு விழும். பாஸ் சொன்னது சரி. தொட்டியிலிருந்து சித்தப்பா வீடு வரை 32, அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு 25, இரண்டும் பிஎன் 10-க்கு, அதாவது 10 கிலோ தாங்கும் தரத்துக்குக் குறையாமல். தரம் பைப்பின் மேலேயே அச்சடித்திருக்கும், இந்தத் தடவை படித்துவிட்டு வாங்குங்கள்.

ஊவாக்காற்று:
இன்னும் ஒன்று, பைப்பை நெருப்பில் காட்டி இளக்கிச் சொருகிக் கம்பி கட்டும் வேலையை யாரையும் செய்ய விட வேண்டாம். 6 கிலோவுக்கு அது கழன்றுவிடும். திருகும் கம்ப்ரெஷன் சொக்கெட் வாங்குங்கள். ஒன்றரை அடியாவது புதையுங்கள், கானுக்குள் நேராக இழுக்காமல் பாம்பு மாதிரி கொஞ்சம் வளைத்துப் போடுங்கள். வழியில் எங்காவது மேடு ஏறி இறங்குகிறதா? அந்த மேட்டில் காற்று நிற்கும், தொட்டி நிரம்ப இருந்தாலும் தண்ணீர் வராது. அங்கே ஒரு டீ மூட்டும் (மூன்று வாய் உள்ளது) சின்னக் குழாயும் வைத்தால் காற்றைத் திறந்து விடலாம்.

ஃபேக்டரி மாமா:
ரோட்டைக் கடக்கும் இடத்தில் என்ன செய்வீர்கள்? லொறி ஏறினால் உங்கள் கருப்புப் பைப் சப்பையாகிவிடும்.

நீர்மட்டம்:
அங்கே இரண்டு இஞ்சி ஜிஐ ஒன்றை உறையாகப் போட்டு அதற்குள் இதை விட வேண்டும். மாமா சொல்வது சரி.

ஃபேக்டரி மாமா:
அப்படிச் சொல்லுங்கள்.

குளிர்காலம்:
பனிக்குத் துணி சுற்ற வேண்டாமா?

டிக்கோயா தம்பி:
மேட்டுவீடு, என்ன ஆயிற்று? வாங்கியாயிற்றா? ஒரு வாரமாகச் சத்தத்தைக் காணோம்.

ஊவாக்காற்று:
நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சித்தப்பா ஒப்புக்கொண்டாரா இல்லையா?

மேட்டுவீடு:
மூன்று கிழமை ஆகிவிட்டது, மன்னிக்கவும். 32-உம் 25-உம் போட்டாயிற்று. முதல் நாள் தண்ணீர் வரவே இல்லை, பாஸ் தலையில் கை வைத்துவிட்டார், அப்புறம் கோயில் மேட்டில் டீயைத் திறந்தால் ஐந்து நிமிடம் காற்றுத்தான் வந்தது. இப்போது ஓடுகிறது, இதுவரை வெடிக்கவில்லை. சித்தப்பா 32-க்குப் பாதிக் காசு தருகிறேன் என்றார், இன்னும் தரவில்லை. எல்லோருக்கும் நன்றி.

தலவாக்கலை அக்கா:
சந்தோஷம் தம்பி. 25-இல் மீதி இருக்கிறதா? எங்களுக்கு முள்ளம்பன்றி கடித்த இடத்துக்கு ஒரு இருபது மீட்டர் போதும்.